மடங்கிய விரல்களை நம்பினோம்

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அம்மா ஒன்றில், நான் ஒன்றில். அப்பா நெஞ்சுவலியில் போனபோது இரண்டும் நின்றன. என்னுடையது மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அம்மாவுடையது ஓடவில்லை.

கருமாதி அன்று அம்மாவின் வளையல்களை உடைத்தது அப்பாவின் அக்கா. அத்தையும் தாலியறுத்தவள் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அழுத கண்ணோடு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினாள். ஒரு கண்ணாடிச் சில்லு வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக இறங்கிவிட்டது.

"கைய மடக்கு தாயி," என்றாள் அத்தை.

அம்மா மடக்கினாள். ஐந்து விரலும் உள்ளே போயின.

"மடக்குறாள்ல. நரம்புக்கு ஒண்ணுமில்ல."

காப்பித்தூளை அப்பி, அப்பாவின் வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள்.

காயம் ஆறியது. ஆனால் சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் மரத்தே கிடந்தன. போகப் போக இரண்டும் கொக்கி மாதிரி வளைந்தன. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தால் நழுவியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"பொறந்த வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போகாம வாசப்படி தாண்டலாமா? ஊரு என்ன பேசும்?" என்றாள் அத்தை. எழுமலையில் இருந்த தாய்மாமா, ஆடி கழியட்டும் என்றார்.

ஒரு மதியம் அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கருகல் வாடை வந்தது. துணி என்று நினைத்தேன். சுண்டுவிரல் இஸ்திரிப்பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அன்று வந்திருந்த அத்தைதான் பாய்ந்து கையை இழுத்தாள்.

"ஏடி, ஆட்டோ புடி."

"ஊரு பேசுமே அத்தை?"

"பேசட்டும். பேசுற வாயி வந்து ஜாக்கெட்டு தைக்குமா?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். உருவிக்கொண்டு வந்துவிட்டது. விரல்களை விரிக்கச் சொன்னார். அம்மா முகமெல்லாம் வியர்த்ததுதான் மிச்சம்.

டாக்டரம்மா பேனாவால் அம்மாவின் கையில் முழங்கையிலிருந்து கோடு இழுத்தார். "வெரல மடக்குற பெரிய சதையெல்லாம் இங்க, முழங்கைக்குக் கீழ இருக்கும்மா. அங்கருந்து கயிறு மாதிரி வந்து வெரல இழுக்குது. அதுக்கான நரம்பு மேலயே பிரிஞ்சிருது. அறுந்தது மணிக்கட்டுல. வெரல விரிக்க, இறுக்கிப் புடிக்க உள்ளங்கையில சின்னச் சின்னச் சதைங்க இருக்கு. அதுக்குத்தான் கரண்டு போகல."

"அப்ப மடக்கச் சொன்னது தப்பாம்மா?" என்றாள் அத்தை.

"மடக்கச் சொன்னது சரிதான். விரிக்கவும் சொல்லியிருக்கணும்."

ஆட்டோவில் அத்தை அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"விடுங்க மதினி," என்றாள் அம்மா. "தம்பியப் பறிகொடுத்த கண்ணுக்கு என்ன தெரியும்?"

ஆபரேஷன் செய்து நரம்பைத் தைத்தார்கள். மயிரிழை மயிரிழையாகத்தான் வளரும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். வண்டியூரிலிருந்து அத்தை தினமும் பஸ் ஏறி வந்தாள். வளைந்த விரல்களை எண்ணெய் தொட்டு நிமிர்த்தி நிமிர்த்தி விடுவாள். நான் மிஷினை மிதித்துக்கொண்டு பார்ப்பேன். அப்பாவுக்காக அழுததைவிட அந்த விரல்களுக்காகத்தான் அதிகம் அழுதேன். அப்பா வரமாட்டார் என்பது தெரியும். விரல் வருமா வராதா என்று தெரியாததுதான் என்னைக் கொன்றது.

மாசங்கள் போன பிறகு ஒரு நாள், அத்தை விரலை நிமிர்த்தும்போது அம்மா கத்தினாள்.

"மெதுவா மதினி!"

அத்தையின் கை நின்றது. "வலிக்குதா?"

"வலிக்காமயா கத்துறேன்?"

"எந்த வெரலு? கண்ண மூடிட்டுச் சொல்லு தாயி."

அம்மா கண்ணை மூடினாள். அத்தை மெல்லக் கிள்ளினாள்.

"சுண்டுவெரலு."

"இப்ப?"

"அதேதான். எதுக்கு இம்புட்டுக் கிள்ளுறீங்க?"

நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். அத்தை கண்ணைத் துடைக்கக்கூட இல்லாமல் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.