தோன் சிந்துல்போ ஏசி ஃபில்டரைத் தேடிய காலை

2017ஆம் ஆண்டு ஜனவரி 14, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்தில் நிமியா தன் பக்கத்து வீட்டுக்காரரை முதன்முதலாகச் சந்தித்தாள். சந்தித்தாள் என்பதைவிட, மதிலுக்கு மேலே ஒரு வைக்கோல் தொப்பியும் அதன் கீழே இரண்டு கண்களும் முளைத்ததைக் கண்டாள் என்பதே பொருந்தும். பராகுவாயின் லூக்கே நகரில் அந்தத் தெருவுக்கு அவள் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"என்ன, வண்டிக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறீங்க?"

"ஏசி ஃபில்டர் மாத்தறேன்."

"மாத்தறீங்களா, தேடறீங்களா?"

உண்மையாக இருந்ததால் கேள்வி சுருக்கென்று தைத்தது. கேக் செய்யும் தொழிலைத் தனியாகத் தொடங்கியபின் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர், மூன்றடுக்கு வெண்ணெய்க் கிரீம் கேக், உள்ளே குளிர்பெட்டியில் இருந்தது. ககூப்பேயில் ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து, இரண்டு மணிக்கு. பன்னிரண்டுக்குப் புறப்பட்டாக வேண்டும். ஜனவரி அங்கே கடுங்கோடை, வெயிலோ நாற்பத்தொரு டிகிரி. காரின் ஏசி விசிறி இரைந்த இரைச்சலுக்கு ஊரே பறக்க வேண்டும். வந்த காற்றில் ஒரு மெழுகுவத்திகூட அணையாது.

உதிரிபாகக் கடைக்காரர் புது ஃபில்டரை விற்றபோது, வீட்டிலேயே மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றிருந்தார். செல்பேசி வீடியோவில் ஒரு மனிதர், ஓட்டுநர் இடப்பக்கம் அமரும் அந்நாட்டு வழக்கப்படி பயணியின் பக்கமான வலப்பக்கத்து க்ளவ் பாக்ஸைக் கழற்றி, சிரித்துக்கொண்டே ஃபில்டரை உருவினார். நிமியாவும் கழற்றினாள். அங்கே ஒயர்களும், ஒரு கைமுட்டி அளவு ஓட்டையும், அதில் திணித்த சிலி நாட்டுச் செய்தித்தாளும்தான் இருந்தன.

அந்த ஊரில் மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன் 'தோன்', பெண் பெயருக்கு முன் 'ஞா' சேர்ப்பார்கள். தொப்பிக்காரரான தோன் சிந்துல்போ அழைப்புக்குக் காத்திராமல், குளிர்நீர்க் குடுவையும் தெரெரே என்னும் பச்சிலைப் பானத்துக்கான குவளையுமாக வந்துசேர்ந்தார். இருபத்தேழு ஆண்டுகள் வீடுவீடாக மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர். மூடியுள்ள எதையும் கண்டால் அவர் கை அரிக்கும்.

"அவரைக் கைவைக்க விடாதம்மா!" மதிலுக்கு அப்பாலிருந்து அவர் மனைவி பிளாசிதா கத்தினார். "போன வாரம் என் வாஷிங் மெஷினைத் திறந்தாரு. இப்ப அது துணியத் துவைக்கல, முற்றத்துல உலாத்துது!"

"உலாத்தினா உடம்புக்கு நல்லதுதானே!" என்றார் தோன் சிந்துல்போ.

அவருடைய முறை ஒழுங்கானது. சின்னக் கேக் சுடும் காகிதக் கிண்ணங்களை நிமியாவிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு திருகாணியையும் ஒவ்வொரு கிண்ணத்தில் இட்டு, பென்சிலால் எண் எழுதினார். பதினொன்றரைக்கு இருபத்துமூன்று கிண்ணங்கள் நிறைந்திருந்தன. வண்டியின் வலப்பக்கம் எலும்புக்கூடாகியிருந்தது. ஃபில்டரை மட்டும் காணவில்லை.

"இந்த வண்டியில ஃபில்டரே கிடையாதோ?" நிமியாவுக்கு அழுகை முட்டியது.

"உக்காருங்க. ஒரு வாய் தெரெரே குடிங்க."

"நேரமில்ல, தோன் சிந்துல்போ!"

"தெரெரேக்கு நேரமில்லன்னு சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கல."

பச்சிலை மணந்த குளிர்நீரை அவள் உறிஞ்சி முடிக்கும்வரை, வலப்பக்க இருக்கையில் அமர்ந்திருந்த அவர் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தரைவிரிப்பு அங்கே குதிகால் அளவுக்குத் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பயணி எதை மிதித்து அப்படித் தேய்த்திருப்பான்?

"ஞா நிமியா, வண்டி சிலி வழியா வந்ததா?"

"இந்தத் தெருவுல எந்த வண்டி சிலி வழியா வரல?"

ஜப்பானில் வலப்பக்க ஸ்டியரிங்குடன் ஓடிக் களைத்த வண்டிகள் சிலியின் துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஸ்டியரிங் இடப்பக்கத்துக்கு மாற்றப்பட்டு, பராகுவாய்க்கு வந்துசேரும். இது குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஸ்டியரிங்கை மாத்தினவன் ஃபில்டரையும் மாத்தியிருப்பானா? க்ளவ் பாக்ஸை மட்டும் கண்துடைப்புக்கு இந்தப் பக்கம் மாட்டிட்டான். ஃபில்டர் பழைய இடத்துலயேதான் இருக்கு. நீங்க ஓட்டறீங்களே, அந்தக் கால்மாட்டுக்கு மேல!"

அடுத்த நிமிடம் அவர் ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாகக் கிடந்தார். தலை பிரேக் மிதியருகே. கால்கள் இருக்கையின் முதுகில். மூடி திறந்தது. செம்மண் மழையாக முகத்தில் கொட்டியது. அதைத் தொடர்ந்து பழைய ஃபில்டர் கரும்பலகை போல வந்தது. விளிம்பில் ஜப்பானிய எழுத்து, மடிப்பில் மூவருக்கும் பெயர் தெரியாத ஓர் இலை.

"டிக்கெட் எடுக்காமலே எவ்வளவு தூரம் வந்திருக்கு பாரு!" என்றார் பிளாசிதா. அவரும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

"புது ஃபில்டர்ல அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கணும்?" மிதிகளுக்கிடையிலிருந்து குரல் வந்தது.

"கீழ்ப்பக்கம்."

"எனக்குக் கீழயா, உங்களுக்குக் கீழயா?"

"பூமிக்கு!"

புது ஃபில்டர் உள்ளே சென்றது. நிமியா அவர் வயிற்றுக்கு மேலாக எட்டி வண்டியைக் கிளப்பினாள். பனிக்காற்று வீசியது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. எல்லாம் சுபம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து தோன் சிந்துல்போதான் எழவில்லை. அவருடைய பெல்ட், இருக்கையை நகர்த்தும் கம்பியில் வசமாக மாட்டியிருந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். வண்டி அசைந்தது, அவர் அசையவில்லை.

"வெட்டுங்க," என்றார்.

"ஏய்யா, ஆபீஸ்ல ஓய்வுபெற்றப்ப குடுத்த பெல்ட்டுய்யா அது!"

"கேக்கு உருகினா ஒட்ட வைக்க முடியாது பிளாசிதா. வெட்டச் சொல்லு."

நிமியா கேக் கத்தியால் அறுத்தாள். பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு, வலப்பக்கம் பிய்ந்துகிடந்த வண்டி கேக்குடன் புறப்பட்டது. கண்ணாடியில் அவள் கடைசியாகக் கண்டது, முகமெல்லாம் செம்மண்ணாக, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் விடைகொடுத்த பெரிய மனிதரை.

கேக், கிரீம் பூக்களில் ஓர் இதழும் குலையாமல் போய்ச் சேர்ந்தது. மாலையில் திரும்பியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"உங்களுக்கு ஒரு கேக் கடன்பட்டிருக்கேன். எத்தனை அடுக்கு, என்னைக்கு வேணும், சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசனை நீண்டது. இரண்டு ஆண்டு கழித்துத் தன் மகள் திருமணத்துக்கும் அவர் பக்கத்து ஊரான கபியாத்தாவில் காசு கொடுத்து ஒரு கேக்கை வரவழைத்தார். அது வழியிலேயே சாய்ந்து, மணமேடைக்கு நோயாளிபோல் தாங்கிப் பிடித்துக் கொண்டுவரப்பட்டது. நிமியா சண்டைக்கே போனாள்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"அன்னிக்கு உங்களுக்கு நாலு ஆர்டர் இருந்துச்சு. அஞ்சாவதா நானும் வந்து நிக்கவா?"

அவளுக்கு ஆர்டர் இல்லாத சனிக்கிழமைகளும் பல வந்து போயின. அந்தக் கேக்கை அவர் இன்றுவரை கேட்கவில்லை.