கெயார் ஒஃப் தேத்தண்ணிக் கடை

என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் குழப்பம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஒரு ஸ்டோரின் பின்னறையில் எட்டு வருடமாக இருக்கிறேன். மூட்டை கட்டுவதும் காவல் இருப்பதும் என் வேலை. அந்த அறைக்கு இலக்கம் கிடையாது. எனக்கு யாரும் எழுதுவதில்லை என்பதால் அது ஒரு குறையாகப் பட்டதில்லை. பிறந்த தோட்டத்திலும் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் இருக்கவில்லை. எல்லாருடைய கடிதமும் துரையின் ஆபீசுக்குத்தான் வரும். உறையில் அப்பாவின் பெயருக்குக் கீழே 'கெயார் ஒஃப்' என்று போட்டுத் தோட்டத்தின் பெயர் இருக்கும்.

போன வருடம் வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஆனது. ஆபரேஷன் செய்ய வேண்டும், தேதி தபாலில் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறை ஒன்றும் கேட்டார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் பெரியவரிடம் போனேன். யாருடைய கெயார் ஒஃப் என்று கேட்டார். ஸ்டோர் முதலாளி இருப்பது கண்டியில். பருவம் இல்லாத மாதங்களில் முன்கதவு பூட்டியே கிடக்கும், தபால்காரர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். யோசித்துவிட்டு, நான் தினமும் பிளேன்டீ குடிக்கும் கடைக்கார அம்மாவின் பெயரைச் சொன்னேன். பெயர்ப்பலகையில் இருந்ததால் அது தெரியும். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

வேறு ஆள் இல்லாததால் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த 'ஒஃப்' நம்முடைய 'உடைய' மாதிரி, இன்னாருடைய பொறுப்பில் என்று அர்த்தம் என்றார். ஆதியில் அதற்கு 'விட்டு விலகி' என்றுதான் அர்த்தமாம். லைட்டை 'ஓஃப்' பண்ணு என்கிறோமே, அதுவும் இதுவும் முன்பு ஒரே சொல்லாம். ஒன்றிலிருந்து பிரிந்து வந்தது அதனுடையது என்று ஆகி, பிறகு 'உடைய' என்றே நின்றுவிட்டதாம்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் இருந்தது. நானும் தோட்டத்திலிருந்து பிரிந்து வந்தவன். ஆனால் அங்கே அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் பெயரை என் உறையில் இனி எழுத முடியாது.

மூன்று மாதம் கடிதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் கிளாஸை வைத்துவிட்டுப் போவார். இடது கண்ணும் மங்கத் தொடங்கியதால் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த கிளார்க் பிள்ளை கடிதக் கட்டு ஒன்றிலிருந்து என் உறையை உருவினார்.

"திரும்பி வந்துருச்சுங்க ஐயா. அப்படி ஒருத்தரத் தெரியாதுன்னு எழுதியிருக்கு."

தேதி போய் ஐந்து வாரம். வேறு தேதி போடலாம், இந்த முறை உங்களைத் தெரிந்தவர்களின் விலாசமாகக் கொடுங்கள் என்றார்.

நேரே கடைக்குப் போனேன். அந்த அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி, உறையைக் காட்டினேன்.

"அது நீங்களா? தபால்காரர் வந்து கேட்டாரு. இங்க அப்படி யாரும் இல்லன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."

உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எட்டு வருஷமா 'ஒரு பிளேன்டீ'ன்னு ரெண்டு வார்த்தைதான் பேசியிருக்கீங்க. உங்க பேரே பிளேன்டீதான்னு நெனச்சேன்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன் என்று கோபமாகவே சொல்லிவிட்டு, அதே விலாசத்தைக் கொடுக்கச் சொன்னார்.

போன வாரம் கடிதம் வந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கூட இருக்க ஒருவரை அழைத்து வர வேண்டும் என்று அடியில் போட்டிருக்கிறது. இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. நாளைக் காலையில் கடை திறந்ததும் அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும்.

மாத்தளை,
மாசித் தேர் முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை.