நீலச்சிறகிகள் போவதற்குள்

கொதிக்கும் எண்ணெய் பாதத்தில் தெறித்தது. சுடவில்லை. அப்படித்தான் தொடங்கியது. மூன்றாம் நாள் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. தண்டுவடத்தில் அழற்சி, டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கினார்கள். கட்டிலுக்கு, ஸ்கேன் மேசைக்கு, கழிப்பறைக்கு. ஒருவரும் கேட்டுவிட்டுத் தூக்கவில்லை.

"நடக்கலாம், நடக்காமலும் போகலாம்," என்றார் டாக்டர். "அதுக்காக வீட்டுக்குள்ளயே கிடக்காதீங்க. என்ன பிடிக்கும் உங்களுக்கு?"

"பறவை பார்க்கறது."

"அப்ப போங்க."

போனேன். வெள்ளானூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் ஓர் ஏரிக்கரைப் பூங்கா. அதன் சதுப்பு ஓரத்தில் நீலச்சிறகி வாத்துகள் வந்து தங்கியிருந்தன. கோடை வெயில் ஏறினால் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

வாசலில் சாய்தளம். சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை. சாய்தளம் முடியும் இடத்தில் மூன்று இரும்புக் கம்பங்கள். இடையில் ஓர் ஆள் நுழையலாம். என் சக்கர நாற்காலி நுழையாது.

"பசங்க பைக்க உள்ள உட்டுக்கினு சுத்துதுங்கம்மா. அதான்," என்றார் காவலாளி.

"இது பைக்கா?"

"சக்கரம் கீதே."

என் கணவர் குனிந்தார். "நான் தூக்கிட்டுப் போயிடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"தொடாதீங்க."

கம்பங்களை எடுக்கச் சொல்லிப் பூங்கா அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சாய்தளம் விதிப்படியே உள்ளது என்று இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மறுநாளிலிருந்து, காலை நடைக்குக் கூட்டம் வரும் நேரத்தில், கம்பங்களுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டேன்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க மேடம். வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க."

"வழி இருக்கா சார்? எனக்கும் காட்டுங்க."

ஒன்பதாம் நாள் காவலாளி ஸ்பேனரோடு வந்தார். "வாக்கிங் வர்றவங்கல்லாம் என் உசுர எடுக்கறாங்க, யம்மா." நடுக்கம்பத்தின் அடியில் நாலே போல்ட். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நானே உருட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் போனேன். நாமக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நீலச்சிறகிகள் போய்விட்டிருந்தன.

உங்களையும் யாராவது தூக்க வருவார்கள். அன்பாகத்தான் வருவார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என் உடம்பு இப்போது சக்கரத்தின் விளிம்பில் முடிகிறது. பாதையின் சரளையை உள்ளங்கையால் அறிகிறேன். அந்தச் சக்கரத்தை வெளியே நிறுத்தினால் நிறுத்தப்படுவது நான்.

நடக்கப்போகும் நாளை இப்போது எண்ணுவதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு நீலச்சிறகிகள் திரும்பும். கம்பத்தை மறுபடி நட்டிருந்தால், அதன் முன்னால் நான் இருப்பேன்.