பின் சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டது

தெலுக் பங்லிமா காராங் ஊரில் மெக்கானிக் வாசுவின் பட்டறை வாசலில் அந்தப் பழைய ஸ்கூட்டரை லோரியிலிருந்து இறக்கும்போது, இது ஓடவே கூடாது என்று மகதலேனா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பத்து வருடத்துக்கு மேலாக அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, யாரையும் தொட விடாமல் வைத்திருந்தவள் அவள்தான்.

அந்த ஸ்கூட்டரில் வரும்போதுதான் அவள் கணவர் மாரிஸ் ஷா ஆலம் சாலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நண்பர் வீட்டு விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் மேல் பீர் வாடை. "ஒரு கிளாஸ்தான் குடிச்சேன். பின் சக்கரம் தானா பூட்டிக்கிச்சு" என்றார். அந்தக் காலத்தில் ஒரு கிளாஸோடு எழுந்து வருகிற ஆள் இல்லை மாரிஸ். கேட்டவர்கள் சிரித்தார்கள். மகதலேனா சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை.

கிள்ளானில் அவர்கள் போகிற மாதா கோயில் முழுக்க விஷயம் பரவியது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற மாரிஸ், கால் ஆறிய பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை. குடியை விட்டார். பேச்சும் குறைந்து போனது. ரயில்வேயில் ஓய்வு பெற்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஸ்கூட்டர ஓட வெச்சுப் பாக்கட்டுமா, மகா?"

பட்டறையில் ஸ்கூட்டரை இறக்கி வைத்ததும், கூட வந்த மாரிஸ் எதிர்க்கடைக்குத் தேநீர் வாங்கப் போனார். வாசு கிக்கரை மிதித்துப் பார்த்தான், அசையவில்லை. என்ஜின் மூடியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவன் முகம் மாறியது.

"ஆன்டி, இத ஓட்டினவரு உயிரோட இருக்காரா?"

மகதலேனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் கேக்குற?"

"சும்மா கெடந்து துருப்பிடிச்சு இறுகிருச்சுனு நெனச்சேன். இல்ல லா. ஓடும்போதே ஜாம் ஆயிருக்கு. என்ஜின் ரப்பர் சீல் கிழிஞ்சு காத்து உள்ள போயி, சூடு ஏறி, பிஸ்டன் உருகி சிலிண்டர்ல அப்பியிருக்கு பாருங்க. ஸ்பீட்ல இப்படிப் பிடிச்சா பின் சக்கரம் அப்படியே லாக் ஆயிரும். ஆளத் தூக்கி அடிச்சிரும்."

"குடிச்சிருந்தா?"

"குடிக்கலனாலும் விழணும் ஆன்டி. நானா இருந்தாலும் விழுந்திருப்பேன்."

மகதலேனா பக்கத்திலிருந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலங்களோடு மாரிஸ் நொண்டிக்கொண்டே வந்தார்.

"நீங்க சொன்னது நெசம்ங்க" என்றாள். "பின் சக்கரம் தானாத்தான் பூட்டியிருக்கு."

மாரிஸ் பிஸ்டனை வாங்கி அதன் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினார். அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, குடிச்சுத்தான் விழுந்தேன்னு நானே நம்பிட்டேன் மகா" என்றார்.

அவள் எழுந்து அவர் கையிலிருந்த பொட்டலங்களை வாங்கிக்கொண்டாள்.

வாசு சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டான். சீல்களை மாற்றி, டேங்கின் துருவைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தான். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி மிதித்ததும் ஸ்கூட்டர் இருமி, பட்டறை நிறையப் புகையைக் கக்கி, படபடவென்று பிடித்துக்கொண்டது. மாரிஸின் கண்கள் கலங்கியது புகையால் மட்டுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதிலேயே கோயிலுக்குப் போனார்கள். பூசை முடிந்து வாசலில் கூடியவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"என்ன மகதலேனா, மறுபடியும் இவர நம்பி ஏறிட்டியா?" என்றாள் பாடகர் குழு குளோரியா.

"அன்னைக்கு என்ஜின்தான் பிடிச்சு இவரத் தள்ளியிருக்கு. அத இத்தன வருஷமா நம்பாதது நானு. இனிமே யாரும் வேற கத சொல்லாதீங்க."

குளோரியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மாரிஸுக்குக் காது சிவந்தது. "போதும், ஏறு" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் இடது கை விரல்கள் கிளட்ச்சை விட்டு அகலவில்லை.

"ஏன் அதையே பிடிச்சிருக்கீங்க?"

"மறுபடி ஜாம் ஆனா சட்டுனு அமுக்கணும்ல. அப்பத்தான் சக்கரம் பூட்டாது."

மகதலேனா அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.