ஸ்டெல்லாம்மா வீட்டு அசல் பத்திரம்

எங்கள் வக்கீலுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் தெரியும். புதன்கிழமை!

"வர்ற புதன்கிழமை ஒப்பீனியன் ரெடி சார்" என்பார். புதன் வரும்... போகும். அன்று மட்டும் போனை எடுக்க மாட்டார். இப்படியே நான்கு புதன் பார்த்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் பத்து வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்பவர் ஸ்டெல்லாம்மா. ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அவர் கணவர் சாமுவேல் போன வருஷம் தவறிவிட்டார். இவர் திருநின்றவூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறார். விலை படிந்தது. பத்திரமெல்லாம் சரி என்று வக்கீல் ஒப்பீனியன் கொடுத்தால் லோன் தருவதாகப் பேங்கும் லெட்டர் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த லெட்டருக்கு மாதக் கடைசி வரைதான் உயிர். அதற்குள் ரிஜிஸ்டர் ஆகாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து! அதுவரை ஸ்டெல்லாம்மா காத்திருப்பாரா? ஜன்னல் திரைக்கு அளவெடுத்து வைத்திருக்கும் என் மனைவிதான் காத்திருப்பாரா?

ஐந்தாவது புதன், நானே பொன்னேரியில் இருக்கும் அவர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் வக்கீலை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். மனிதர் ஃபைலைத் திறந்து காட்டினார். வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சரி. சாமுவேல் அந்த வீட்டை வாங்கிய பத்திரத்துக்கு மட்டும் ஜெராக்ஸ்தான். அசல் இல்லை. குமாஸ்தாவை ஸ்டெல்லாம்மாவிடம் மூன்று தரம் அனுப்பினாராம். மூன்று தரமும் டீ கிடைத்ததாம்... பத்திரம் கிடைக்கவில்லையாம்.

"அந்தம்மா தேடற மாதிரியும் தெரியல, இல்லேன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு இன்னாமோ டவுட்டா கீது சார்" என்றார்.

எனக்கு மட்டும் சந்தேகம் இல்லையா? அடமானத்தில் இருக்கிறதா? வேறு பார்ட்டியிடமும் அட்வான்ஸ் வாங்கிவிட்டாரா? அன்று சாயங்காலமே ஸ்டெல்லாம்மா வீட்டில் போய் நின்றேன்.

எனக்கும் டீ வந்தது. ஷெல்ஃபில் கரண்ட் பில், கேஸ் ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாம் வருஷவாரியாக உறையில் போட்டு அடுக்கியிருந்தது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பத்திரம் எப்படிக் காணாமல் போகும்? கோபம் போய், தெரிந்துகொள்ளும் ஆசைதான் மிஞ்சியது. கடைசியாக சாமுவேல் அதை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன்.

"பைபிள் கவர்ல. ஜிப்பு வெச்ச கவரு. நாலா மடிச்சி உள்ளயே வெச்சிக்கினு இருப்பாரு."

"அந்த பைபிள்?"

"பெட்டில அவரு நெஞ்சு மேல வெச்சி அனுப்பிட்டோம் சார்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். படித்த பைபிளோடு அடக்கம் செய்வது அவர்கள் குடும்பத்தில் வழக்கமாம். அழுகிற அவசரத்தில் ஜிப்பை யார் திறந்து பார்த்தார்கள்? நாலு நாள் கழித்துத்தான் ஸ்டெல்லாம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. யாராவது தோண்டலாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"நீங்க தோண்டச் சொல்ல மாட்டீங்களே சார்?" என்று கேட்டார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வக்கீலிடம் சொன்னேன். இதற்கு வழி இருக்கிறது என்றார். போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், ரிஜிஸ்டர் ஆபீஸில் சான்றிட்ட நகல். புகாரையும் உடனே டைப் அடித்துக் கொடுத்தார். 'ஜெராக்ஸ் கடைக்குச் செல்லும் வழியில் தொலைந்துவிட்டது...' எல்லாப் பத்திரமும் அந்த வழியில்தான் தொலையுமாம்!

ஸ்டெல்லாம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"தொலையல சார். எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். பொய் எழுதி அவரு ஊட்ட விக்க மாட்டேன்."

மாதக் கடைசிக்கு எட்டே நாள். வீடு கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். ஆனால் நம்ம புதன்கிழமை வக்கீல் இருக்கிறாரே... டைப் அடித்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே உட்கார்ந்து எழுதினார். அடக்கம் நடத்திய பாஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனிலும் பேங்கிலும் அதைப் படித்துப் பார்த்தவர்கள் ஒரு தரம் ஸ்டெல்லாம்மாவை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் குறுக்குக் கேள்வியே கேட்கவில்லை. பொய்ப் புகாரை இவ்வளவு சீக்கிரம் நம்பியிருப்பார்களா? தெரியவில்லை.

லெட்டர் காலாவதியாக இரண்டு நாள் இருக்கும்போது ரிஜிஸ்டர் ஆனது. என்ன கிழமை என்று கேட்கிறீர்களா? புதன்தான்!

கல்லறைத் திருநாளுக்கு நாங்களும் போய் சாமுவேலுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். பட்டா என் பெயருக்கு மாறிவிட்டதுதான்... ஆனால் அசல் அவரிடம்தானே இருக்கிறது!