எங்கே என்று கேட்காத வீடு

வெயிலில் காய்ந்த ரெக்சின் இருக்கையின் சூடு முழங்காலுக்குப் பின்னால் ஒட்டும்போது "ஆ" என்று கத்தாதவர்தான் அப்பாவின் ஓட்டோவில் ஓரத்தில் இருக்கலாம் என்பது எனக்கும் தம்பிக்கும் இடையில் இருந்த சட்டம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். தம்பி ஒவ்வொரு முறையும் கத்திவிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நசிந்துகொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வருவான். பெற்றோலும், யாரோ ஏற்றிப் போன கருவாடும், அம்மா துடைத்துவிடும் சவர்க்காரத் தண்ணீரும் சேர்ந்து அந்த இருக்கைக்கென்று ஒரு மணம் இருந்தது. இப்போது எந்த ஓட்டோவில் ஏறினாலும் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். பெற்றோல் மணக்கிறது, கருவாடுகூட மணக்கிறது. அந்த மணம் வருவதில்லை.

எங்கள் வீடு மன்னார்த் தீவில், கீரியில். அப்பா ஆஸ்பத்திரியடியில் ஓட்டோ ஓடினார். நான் சொல்லப் போவது சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களைப் பற்றி. அதற்கு முன்னால் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் தார்ப்பீப்பாவும் முட்கம்பியும் துவக்கோடு ஓர் ஆமிக்காரனும் இருந்ததாகச் சொல்வார்கள். பிறந்து வளர்ந்த தீவையே அப்பா பாதிதான் பார்த்திருந்தார். அதனால் பீப்பாக்கள் உருட்டப்பட்டு வழிகள் திறந்தபோது அவருக்கு ஒருவகைப் பைத்தியம் பிடித்தது. தார் போட்ட வீதியில் ஓடுவது தொழிலுக்கு. பனைகளுக்கு நடுவே மணல் பாதையில், இரண்டு சில்லுத் தடத்தை மட்டும் நம்பிக்கொண்டு, எங்கே போய் முடிகிறதென்று தெரியாமல் ஓடுவது அவருடைய சந்தோசத்துக்கு. "ரோட்டு திறந்திருக்கேக்க ஓடவேணும், நாளைக்கு என்ன மாதிரியோ" என்பார். பெரியவர்கள் இப்படிச் சொல்வதையெல்லாம் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாங்களும் போட்டுக்கொள்ளவில்லை.

முன்கூட்டித் தீர்மானித்துப் போகிற பழக்கமே அவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆள் ஏற்றி ஒரு ஹயருக்குப் போய்வந்து, சேர்ட்டைக் கழற்றப்போகிறார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது படலையடியில் நின்று "வெளிக்கிடுங்கோ!" என்று கத்துவார். அவ்வளவுதான். அம்மா அடுப்பில் என்ன வைத்திருந்தாலும், நான் தலையில் எண்ணெய் வைத்து அரைவாசியில் இருந்தாலும், தம்பிக்குக் காற்சட்டை இருந்ததோ இல்லையோ, ஏறிவிட வேண்டும். அம்மா திட்டிக்கொண்டே சேலையை மாற்றுவார். திட்டும்போது முகத்தில் சிரிப்பு நிற்கும். அவருக்கும் அந்தச் சுற்றுப் பிடிக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று. எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கக்கூடாது. உங்கள் வீடுகளில் எப்படியோ தெரியாது, எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் படலைக்கு வந்துவிட்ட ஆளை "எங்கே" என்று மறித்துக் கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். அறிய ஆசையென்றால் "தூரமோ?" என்று பட்டும் படாமலும் கேட்கலாம். போகிறவரும் "கிட்டத்தான்" என்று சொல்லிவைப்பார். கொழும்புக்குப் போகிறவரும் கிட்டத்தான், வெளிநாட்டுக்குப் போகிறவரும் கிட்டத்தான். தவறிப்போய் யாராவது கேட்டுவிட்டால் அதற்கு ஒரு பரிகாரமும் உண்டு. போகிறவர் திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட வேண்டும்.

இந்தப் பரிகாரத்தை அப்பா ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தார். ஒருநாள் அம்மாவின் நண்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் "வெளிக்கிடுங்கோ" என்றார். அம்மா சட்டியை இறக்கி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதற்கடியில் துவாயை மடித்து வைத்து, மடியில் சுமந்துகொண்டு ஓட்டோவில் ஏறினார். தாராபுரத்தில் மஜீத் நானாவின் கடையடியில் பாண் வாங்க நிறுத்தினோம். நானா புத்தளத்தில் நெடுங்காலம் அகதியாக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்து கடை போட்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, அம்மாவின் மடியில் ஆவி பறக்கும் சட்டியைக் கண்டு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தூரமோ தம்பி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"இல்ல நானா, கிட்டத்தான்."

"சட்டியோட போறதப் பாத்தாக் கிட்ட மாதிரித் தெரியல்லயே!"

ஓலைத்தொடுவாய்ப் பக்கம் திரும்பி, பாதை மணலாகி, இளம்பனை வடலிகள் இரண்டு பக்கமும் ஓட்டோவை உரசத் தொடங்கியபோது தம்பியால் பொறுக்க முடியவில்லை. "எங்கயப்பா போறம்?" என்றான். அப்பா உடனே பிறேக் போட்டு எஞ்சினையும் நிறுத்திவிட்டார்.

"கேட்டாச்சு. இனிப் போகேலாது. எல்லாரும் இறங்குங்கோ."

"இந்தக் கொதிக்கிற சட்டியோட நான் எத்தினை தரமப்பா இறங்கி ஏறுறது?" என்றார் அம்மா.

"அப்ப மகனுக்குச் சொல்லி வளத்திருக்கவேணும்."

இறங்கினோம். மணலில் வட்டமாக இருந்து போத்தல் தண்ணீரை ஆளுக்கொரு மிடறு குடித்தோம். இரண்டு கழுதைகள் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்பா அவற்றுக்கும் "தூரமோ?" என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு ஏறப்போனால் சில்லு மணலில் புதைந்துவிட்டது. தள்ளிப் பார்த்துக் களைத்து, அந்த வடலி நிழலிலேயே பாணைப் பிய்த்து நண்டுக் கறியில் தோய்த்துத் தின்றோம். கறியில் உப்பு இல்லை, அம்மா உப்புப் போடுவதற்குள் அப்பா வந்துவிட்டார். அப்படி ஒரு கறியை நான் பிறகு தின்றதில்லை. அன்றிலிருந்து தம்பி கேட்பதை விட்டுவிட்டான்.

சண்டை திரும்ப வந்தது. பீப்பாக்கள் பழைய இடங்களுக்கே வந்தன. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுகள் நின்றன. ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்று பெரியவர்கள் எங்களுக்குக் கேட்காத குரலில் பேசத் தொடங்கினார்கள். அப்பா ஹயருக்கு மட்டும் போய் வந்தார். ஒருநாள் காலை அவர் வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, "போட்டு வாறன்" என்றார். அம்மா கிணற்றடியில் நின்று "ஓம்" என்றார். தம்பி ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டான். எங்கே என்று அவனும் கேட்கவில்லை. அதற்குள் நன்றாகப் பழகியிருந்தான்.

அப்பா திரும்பி வரவில்லை. ஓட்டோவும் வரவில்லை. ஆஸ்பத்திரியடியில் கேட்டால் அன்றைக்கு அவர் அங்கே வரவேயில்லை என்றார்கள். கடைசியாகக் கண்டவர் மஜீத் நானாதான். தாராபுரத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஓட்டோ போனதாம், பின்னால் யாரோ இருந்தார்களாம், முகம் தெரியவில்லையாம். வழக்கம்போல் "தூரமோ தம்பி?" என்று கேட்டாராம், அப்பாவும் வழக்கம்போல் "கிட்டத்தான் நானா" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாராம். இதை எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சொல்லும்போது அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்கண்டு கேட்டிருக்கலாமே தங்கச்சி, என்ட வாய்க்கு என்ன வந்திச்சி" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் கேட்காத அந்தக் கேள்வியை அதன் பிறகு எல்லோரும் அம்மாவிடம் கேட்டார்கள். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், பெயரும் வயதும் கேட்டு முடித்தவுடன் "எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. "கேக்கிறேல்லை சேர், வெளிக்கிடுற ஆளை நாங்கள் அப்பிடிக் கேக்கக்கூடாது" என்பார் அம்மா. ஒரு கந்தோரில் மொழிபெயர்க்க இருந்த தமிழ்ப் பொடியன் இதைக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமலோ, தன் வீட்டை நினைத்தோ, தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இவள் என்ன பெண்சாதி என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அம்மா கையில் மிஞ்சியது "கிட்டத்தான்" என்ற அந்த ஒரு சொல். அது வெறும் வாய்ப்பேச்சு என்று அவருக்குத் தெரியாதா? அவர் தானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பார். ஆனாலும் வேறு ஒன்றும் இல்லாதவர் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சண்டை முடிந்ததும் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தீவின் ஒழுங்கை ஒவ்வொன்றாக நடந்தார். அப்பா காட்டித் தந்த மணல் பாதைகளெல்லாம் அப்படித்தான் எங்களுக்கு இரண்டாம் முறை பழக்கமாயின.

இன்னொன்றும் அவரைத் தின்றது. அன்றைக்கு யாராவது வாய் தவறிக் கேட்டிருந்தால் அப்பா திரும்பி வந்திருப்பார், கதிரையில் இருந்திருப்பார், ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வழியில் காத்திருந்தது எதுவோ அது கடந்து போயிருக்கலாம். கேட்டால் கெட்டுவிடும் என்று பயந்து இருந்தோமே, கேளாமல் என்ன வாழ்ந்தது என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அம்மா படலையடியில் நின்று போகிற வருகிற எல்லோரையும் "எங்க போறியள்?" என்று கேட்கிறார். மீன்காரரைக் கேட்கிறார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கேட்கிறார், கல்யாண வீட்டுக்குப் பட்டுடுத்திப் போகிறவர்களையும் விடுவதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பழைய ஆட்கள் அப்படியல்ல. அவர் கேட்கும் முன்பே நின்று, "அக்கா, நான் சந்தைக்குப் போட்டு வாறன்" என்று இடத்தைச் சொல்லி, அவர் நீட்டுகிற தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டே போகிறார்கள். தம்பி வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் "இப்ப எங்க நிக்கிறாய்?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அவன் வீதியின் பெயரோடு சொல்வான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்திருந்தோம். வெயில் மந்தமாக இருந்தது, என் ஸ்கூட்டியில் பெற்றோல் நிறைய இருந்தது. எனக்குள் எது புகுந்ததோ தெரியாது, முற்றத்தில் நின்றபடி "அம்மா, வெளிக்கிடுங்கோ" என்றேன்.

"எங்க?"

சொல்ல என்னிடம் இடம் எதுவும் இல்லை. "சும்மா, ஒரு சுத்து" என்றேன்.

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்தேன், அவரும் குடித்தார், ஏறிக்கொண்டார். தாராபுரத்தில் மஜீத் நானா இப்போது இல்லை, மகன் அந்தக் கடையில் தொலைபேசி அட்டை விற்கிறார். மணல் பாதைகள் பல கொங்கிறீற்று வீதிகளாகிவிட்டன. கடல் பக்கமாகக் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கழுதைகள் மட்டும் பழையபடி வீதி நடுவில் நின்றன. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு அவரைச் சும்மா காற்று வாங்கக் கூட்டிப் போகிறேன் என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது. "காத்து நல்லாயிருக்கு, என்னம்மா?" என்றேன். ஒவ்வொரு ஒழுங்கையைக் கடக்கும்போதும் அவர் விரல்கள் என் தோளை அழுத்துவதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஓலைத்தொடுவாய்க்குக் கிட்டத் தோளைத் தட்டினார். "நிப்பாட்டு. இந்த ரோட்டால நாங்கள் இன்னும் போய்ப் பாக்கேல்லைப் பிள்ளை."

காற்றாலைகளுக்காகப் புதிதாகப் போட்ட வீதி அது. அப்பா போன காலத்தில் அங்கே வீதியே இல்லை, வடலியும் மணலும்தான். அது அம்மாவுக்கும் தெரியும். அந்த வடலிகளுக்குள் இருந்துதான் உப்பில்லாத நண்டுக் கறி தின்றோம். சிக்னலைப் போட்டுத் திருப்பினேன்.

"மெல்லமாப் போ" என்றார் அம்மா. "நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம் பாக்கிறன்."