கடைசியாக வந்த ரைட்டண்ணன்

பஸ்ஸில் எல்லாரும் அவரை ரைட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைக் கிளப்ப அவர் கொடுக்கும் "ரைட்!" கடைசி சீட்டில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். ஆற்றங்கரையிலிருந்து ஊர்க்கோடி வரை போகும் ஒரே தடத்தில் காலம் முழுக்கக் கண்டக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் பஸ்ஸுக்குள்தான். வீடு தூங்குவதற்கு மட்டும்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் பகலிலும் இருக்க வேண்டியதாயிற்று. மாடியில் ஒற்றை அறை. கட்டில், ஸ்டவ், மாத்திரைகள் வரிசையாக நிற்கும் ஜன்னல் விளிம்பு. கீழே பஸ் போகும் சத்தத்தை வைத்தே ஓட்டுவது யார் என்று சொல்லிவிடுவார். கேட்கத்தான் ஆள் இல்லை.

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். "ஆபீஸ்ல ஒரு மேஜை காலியா இருக்கு. உக்காந்து பாக்குற வேலை."

"எனக்கு வண்டிதான் வேணும் சார்."

"நாள் பூரா நிக்க முடியுமா? நீங்களே யோசிச்சு திங்கக்கிழமை சொல்லுங்க."

யோசிப்பதற்குப் பதில் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். தெருவில் அடிபட்ட நாய்களைக் காப்பாற்றும் காப்பகம் ஒன்று நிதி திரட்ட ஞாயிற்றுக்கிழமை நாய்களோடு ஒரு நடைபயணம் வைத்திருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் பார்த்தார். ஆற்றங்கரையில் தொடங்கி, ஊர்க்கோடியில் இருக்கும் காப்பகத்து வாசலில் முடிகிறது. அவருடைய தடமேதான். நடந்தே முடித்தால் பஸ். வழியில் எதிலாவது ஏறினால் மேஜை.

தங்கை போனில் சிரித்தாள். "நாயைக் கண்டாலே தெரு மாறிப் போற ஆளு நீ. உனக்கு எதுக்குண்ணே இது?"

"நாய் நின்னு நின்னு மோந்துக்கிட்டுதானே வரும்? அந்த நேரத்துல நானும் மூச்சு வாங்கிக்குவேன்."

"கணக்கெல்லாம் நல்லாத்தான் போடுறே. எங்க வீட்டோட வந்து இருன்னா மட்டும் காதுல விழாது."

கணக்கு தப்பிவிட்டது. ஆளுக்கொரு நாயைக் கையில் கொடுத்தார்கள். கூண்டில் அடைந்து கிடந்த நாய்கள் தெருவைக் கண்டதும் மனிதர்களை இழுத்துக்கொண்டு பறந்தன. காப்பகத்து டாக்டரம்மா இவருடைய சட்டைக் காலருக்குக் கீழே தெரிந்த தழும்பைப் பார்த்தார். "உங்களுக்கு நாய் வேணாம்ணே. ஒரு இழுப்பு இழுத்தா தாங்க மாட்டீங்க."

வெறுங்கையோடு நடந்தார். முதல் பாலத்தைத் தாண்டும்போதே முன்னால் போன கூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. தாண்டிய ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் தானாக வாய்க்குள் வந்தது. சந்தை, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி. பஸ்ஸில் போகும்போது பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்ததில்லை.

பின்னால் ஒரு பஸ் வந்து உரசுகிற மாதிரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன மாமு, தனி ஊர்வலமா? பின்னாடி ஒரு ஈ காக்காகூட இல்லையே!"

"தலைவர் வர்றாருன்னு வழிய விட்டுட்டாங்கய்யா."

"ஏறுண்ணே, சீட்டு இருக்கு," என்றான் படியில் நின்ற புதுக் கண்டக்டர்.

உள்ளே தெரிந்த முகங்கள். யாரோ கையை ஆட்டினார்கள். ரைட்டண்ணனின் கால் ஒரு கணம் படியை நோக்கி எழுந்தேவிட்டது.

"போங்கய்யா, லேட்டாகுது உங்களுக்கு."

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். அவர்கள் முன்னால் உட்காரக் கூடாது என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எத்தனை இடத்தில் உட்கார்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

ஊர்க்கோடிக்கு வந்தபோது காப்பகத்து வாசலில் பந்தல் இல்லை, மேஜைகள் இல்லை. காலிக் காகிதக் கோப்பைகள் மட்டும் மண்ணில் உருண்டன. இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளியோடு வந்த டாக்டரம்மா திடுக்கிட்டார்.

"அய்யோ, அண்ணே! இன்னுமா நடந்துட்டு இருந்தீங்க? நாயெல்லாம் திரும்பிடுச்சான்னு எண்ணிப் பாத்தோம். சரியா இருந்துச்சு. அதோட முடிஞ்சுதுன்னு எடுத்து வச்சிட்டோம்."

"மனுஷங்கள?"

"எங்க பழக்கம் அப்படிண்ணே. எப்பவும் நாயத்தான் எண்ணுவோம்."

"ஒரு நாயா வந்திருந்தா தேடி ஆள் அனுப்பியிருப்பீங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை.

"நடந்து முடிச்சுட்டேன்ல?"

"முடிச்சுட்டீங்கண்ணே." வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். வெட்டவெளியில் ஒரே ஒரு ஆளின் கைதட்டல்.

ரைட்டண்ணன் கும்பிட நினைத்தார். கதவிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. இரண்டு கைகளுமே கம்பியில் இருந்தன. பஸ்ஸில் ஒரு கைதான் கம்பிக்கு, மற்றது டிக்கெட்டுக்கு.

திங்கட்கிழமை மேலாளர் கேட்டார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"மேஜை எங்க சார்?"

"ஏன், வண்டிதான் வேணும்னீங்களே?"

"நான் அங்கங்க உக்காந்துக்குவேன் சார். வண்டி உக்காருமா?"

மேஜை சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. காலை வண்டிகள் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. மேஜையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, தானே இழுத்து வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.